பாயோ திரைச்சீலையில் ஓர் அரியணை வழக்கு

நார்மண்டியிலுள்ள பாயோ நகரப் பேராலயத்தின் 1476ஆம் ஆண்டுப் பொருட்பட்டியலில் முதன்முதலாகக் குறிக்கப்பெறும் நீண்ட துணியொன்று இன்றும் அழியாதிருக்கிறது. ஏறத்தாழ 70 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் கொண்ட நார்த்துணி. அதன்மேல் கம்பளி நூலால் இயன்ற சித்திரத் தையல். வில்லியம் கோமகனின் தாய்வழிச் சகோதரரான ஆயர் ஓடோவே இதனைச் செய்வித்தார் என்றும், தைத்த கைகள் ஆங்கிலேயக் கைகள் என்றும் அறிஞர் பெரும்பாலோர் கருதுவர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற வரலாறே இதன் பொருள். இதனைப் போர்க் காவியமெனப் போற்றுவோர் பலர். நாமோ ஒரு மரபுரிமை வழக்கின் வாதமாகவே இதனை வாசிக்க விழைகிறோம்.

ஆங்கிலோ-சாக்சானியரிடம் மூத்த மகனுக்கே முடி என்னும் கட்டாயம் இல்லை. அரச குருதியில் வந்தோருள் தக்கவரைச் சான்றோர் அவை ஏற்கும். இறக்கும் மன்னரின் இறுதிச் சொல்லுக்கும் அங்கே எடை உண்டு. நார்மானியரோ, கோமகன் உயிரோடிருக்கும்போதே வாரிசைக் குறித்து, பிரபுக்களை அவருக்கு ஆணையிடச் செய்வர். மணவுறவுக்கு வெளியே பிறந்த வில்லியம் ஏழெட்டு வயதுச் சிறுவராய் 1035இல் பட்டம் பெற்றது இவ்வழியில்தான். மகப்பேறற்ற புனித எட்வர்ட் தமக்கே நாட்டை வாக்களித்தார் என்பது வில்லியமின் வாதம். மரணப் படுக்கையில் தம்மிடமே ஒப்படைத்தார் என்பது ஹெரால்டின் வாதம். கான்டர்பரியின் புனித அகுஸ்தீன் காலந்தொட்டு இறுதிநேரக் கொடையே செல்லும் என்று ஹெரால்டு கூறியதை, வில்லியமின் சொந்தக் குருவான புவாத்தியே வில்லியமே எழுதி வைத்திருக்கிறார். ஒரே நிலத்தை இருவர் வெவ்வேறு கோல்களால் அளந்தனர் எனலாம்.

திரைச்சீலை யார் பக்கம்? ஆணைக் காட்சியைப் பாருங்கள். இரு திருப்பண்டப் பேழைகளுக்கு நடுவே நின்று, இரண்டையும் தொட்டபடி ஹெரால்டு ஆணையிடுகிறார். வாளேந்தி அமர்ந்த வில்லியம் அவரைச் சுட்டுகிறார். எதற்காக ஆணை என்பதை மேலெழுதிய இலத்தீன் வாசகம் சொல்லவில்லை. வழக்கின் உயிர்நாடியே அதுவாயிருக்க, ஊசி அங்கே வாய்மூடி நிற்கிறது. அயலான் பிடியில் இருப்பவன் இடும் ஆணை கட்டுமா? கிபயோனியர் வஞ்சித்துப் பெற்ற ஆணையையும் இஸ்ரயேலர் காத்தனர் என்கிறது யோசுவா நூல். ஏரோது தன் ஆணைக்காகத் திருமுழுக்கு யோவானின் தலையைக் கொடுத்ததையும் நற்செய்தியில் படிக்கிறோம். எளிய விடை இல்லை. புனிதர்களின் எலும்புகளை அரசியல் பேரத்துக்குச் சாட்சியாக்கியது மட்டும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

அடுத்து மரணக் காட்சி. எட்வர்டின் அடக்கம் முன்னும் மரணம் பின்னுமாகத் தைக்கப்பட்டுள்ளன. தையற்காரரின் பிழையென்று நாம் கருதவில்லை. படுக்கையில் மன்னர் கை நீட்டுகிறார். அருகிலேயே இருவர் ஹெரால்டுக்கு முடியை அளிக்கின்றனர். ஒருவர் விரல் அம்மரணப் படுக்கையையே சுட்டுகிறது. இறுதிச் சொல்லிலிருந்து நேரே முடி! ஆங்கிலேயரின் வாதத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லியிருக்க முடியாது. ஹெரால்டை 'அரசர்' என்றே வாசகமும் அழைக்கிறது. 1086இல் தொகுத்த டூம்ஸ்டே நிலப்பதிவேடு அப்பட்டத்தை அவருக்குத் தரத் தயங்கியதை எண்ணும்போது இந்நேர்மை வியப்பளிக்கிறது. கீழ்க்கரையில் நரியும் காக்கையும் ஒருமுறைக்கு மேல் வருகின்றன. நரி யாரென்று சொல்லாமல் விட்டது ஊசியின் குறும்பு.

ஆயினும் ஒரு குறையை மறைப்பதற்கில்லை. எட்மண்ட் அரசரின் பேரன் எட்கர், குருதியுரிமையில் எவரினும் நெருங்கியவன், பதின்ம வயதினன்; இத்துணியில் எங்கும் அவன் இல்லை. ஹேஸ்டிங்ஸ் போருக்குப்பின் இலண்டனில் கூடியோர் அவனையே அரசனாகத் தெரிந்தெடுத்தனர். முடி மட்டும் கிட்டவில்லை. வலியவர் இருவர் வழக்காடும் மன்றத்தில் அச்சிறுவனின் பெயரைக் கூப்பிடவும் ஆளில்லை. திருச்சபை முற்றிலும் கண்மூடி இருக்கவில்லை என்பது சிறிது ஆறுதல்: போரில் கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டுத் தவமென்று வெற்றி பெற்ற வீரர்களுக்கே நார்மானிய ஆயர்கள் விதித்தனர், திருத்தந்தையின் தூதர் அதனை உறுதிசெய்தார். அத்தவத்துக்கும் துணியில் இடமில்லை.

துணியின் கடைசிப் பகுதி காணாமற்போயிற்று. 1066 கிறிஸ்து பிறப்பு விழாவன்று வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வில்லியம் முடிசூடியது அங்கே இருந்திருக்கலாம் என்பர். இன்று எஞ்சிய முனையில் நாம் காண்பது, அரசரை இழந்து ஓடும் ஆங்கிலேயரை மட்டுமே.