கோட்டுக்கு வெளியே விருத்தாசலம்

கார்த்திகைக்கு விருத்தாசலத்துப் பீங்கான் அகலை ஏற்றுபவர்களில் எத்தனை பேருக்கு அதன் மண் எங்கிருந்து வந்தது என்று தெரியும்? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க வெட்டித் தள்ளுகிற மேல்மண்ணோடு வரும் வெள்ளைக் களி அது. சுரங்கம் வேண்டாமென்று ஒதுக்கியதை அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டு, பொம்மையும் ஃபியூஸ் கேரியருமாக விற்றுப் பிழைக்கிறது ஓர் ஊர். வளத்தை வீணாக்காத வேலை என்று தயங்காமல் சொல்லலாம்.

தண்ணீர்க் கணக்கு வேறு. நிலக்கரிக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் 1961 முதல் ஆழ்குழாய்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் நெய்வேலிப் பக்கம் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே நீர் பொங்கி வழியும். இன்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் கதை என்பார்கள்.

இறைத்த நீர் வீணாகவில்லை என்பது சுரங்கத் தரப்பின் வாதம். அனல்மின் நிலையத்துக்குப் போகிறது, வாலாஜா ஏரிக்குப் போய் வயலில் பாய்கிறது, சென்னை தவித்தபோது அங்கும் போனது. எல்லாம் உண்மை. ஆனால் மழை தவறும் ஆண்டுக்கென்று மண்ணுக்குள் காத்திருக்க வேண்டிய நீர் அது. மழை பெய்கிற ஆண்டிலும் அதைச் சேர்த்தே இறைத்துவிட்டு, ஏரி நிறைந்தது என்று கணக்குக் காட்டுவது சேமிப்பை எடுத்துச் செலவழித்துவிட்டு வருமானம் என்பதைப் போன்றது.

அந்தச் சேமிப்பில் மழை வந்து சேரும் இடம் எது? விருத்தாசலத்துக்கும் பண்ருட்டிக்கும் இடைப்பட்ட செம்மண் மேடு. அந்த நீரைத் தாங்கி நிற்கும் கடலூர் மணற்கல் பாறை அங்கேதான் தரைக்கு வருகிறது. பெய்யும் மழை அதன் வழியே கீழிறங்குகிறது. நாமோ அதை முந்திரிக்காடு என்று மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அந்த மரங்களைச் சாய்த்தபோது விழுந்த மரங்களை எண்ணினோம். அடியில் இருக்கும் நீர் வாசல் யார் நினைவிலும் இல்லை.

காவிரி டெல்டாவைக் காக்கத் தமிழ்நாட்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் வந்தது. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய ஐந்து ஒன்றியங்கள் மட்டும் அதில் அடங்கின. ஐந்தும் தாழ்நிலம், விருத்தாசலம் இல்லை. சட்டத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. 2023 ஏப்ரலில் சேத்தியாத்தோப்பு கிழக்கு உள்ளிட்ட மூன்று நிலக்கரிப் பகுதிகளை மத்திய அரசு ஏலப் பட்டியலிலிருந்து நீக்கியதற்குப் பின்னால், டெல்டாவைக் காக்கச் சட்டமே இருக்கிறது என்ற வாதமும் நின்றது. அது நீர்ச் சட்டமல்ல, வேளாண் சட்டம் என்று சிலர் சொல்லக்கூடும். நீரை விட்டுவிட்டு வேளாண்மையைக் காப்பதாகச் சொன்னால் நம்புவதற்கு நம் உழவர்கள் ஏமாளிகளல்ல.

நெல் விளையும் இடத்தைப் பார்த்துக் கோடு போட்ட சட்டம், நீர் இறங்கும் இடத்தைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டது. பருவம் தப்பும் காலத்துக்கான தற்காப்பு என்ற அளவில் அது பாதிச் சட்டம். மீதிப் பாதி, முந்திரிக்காட்டுச் செம்மண் மேட்டையும் அதன் அட்டவணையில் சேர்ப்பது.