எம்3-இன் புகழும் எம்2-இன் பயனும்

பழைய லைக்கா கேமரா வாங்கத் துணிகிறவர்கள் பெரும்பாலும் எம்3 மீதுதான் கண்வைக்கிறார்கள். 1954-இல் ஜெர்மனியின் வெட்ஸ்லாரிலிருந்து அது வந்தபோது, முந்தைய லைக்காக்களில் ஃபோகஸுக்கு ஒன்று, காட்சிக்கு ஒன்று என்று பிரிந்திருந்த இரண்டு துளைகளும் ஒன்றாயின. திருகித் திருகி மாட்டிய லென்ஸ், சிறு திருப்பலிலேயே பூட்டிக்கொண்டது. புகழ் நியாயமானதே. ஆனால் புகழை மட்டும் பார்த்து மாடலைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

எம்3-இன் வ்யூஃபைண்டர் காட்சியை 0.91 மடங்காகக் காட்டும். ஏறக்குறைய வெறுங்கண்ணில் தெரியும் அளவு என்பதால் இரு கண்களையும் திறந்துவைத்தே படமெடுக்கலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கித்தான் ஃபோகஸ் செய்கிறோம். இதன் துல்லியம், ரேஞ்ச்ஃபைண்டரின் இரு சாளரங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த 0.91-ஆல் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. எம்3-இல் அது சுமார் 62 மி.மீ. வ்யூஃபைண்டர் 0.72 மடங்கே காட்டும் எம்2-இல் சுமார் 50 மி.மீ.தான். 90 மி.மீ. லென்ஸை முழுதாகத் திறந்து அருகிலுள்ள முகத்தை எடுப்பவருக்கு இந்த வித்தியாசம் நிச்சயம் கைகொடுக்கும்.

அந்தப் பலமேதான் அதன் குறையும். காட்சி பெரிதாகத் தெரிவதால் உள்ளே 50, 90, 135 மி.மீ. லென்ஸ்களின் காட்சி எல்லையைக் காட்டும் சட்டங்களுக்குத்தான் இடம், 35-க்கு இல்லை. 35 போட வேண்டுமென்றால், முன்புறம் மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல் துணைக்கண்ணாடிகள் பொருத்திய பருமனான லென்ஸ் தேவை. இல்லையேல் கேமராவின் தலையில் தனி வ்யூஃபைண்டர் ஏற்ற வேண்டும். திருவிழாக் கூட்டத்திலும் குறுகிய அறையிலும் வேலை செய்பவருக்கு இது தீராத இடைஞ்சல்.

சில ஆண்டுகள் கழித்து வந்த எம்2-ஐ மலிவுப் பதிப்பு என்று ஒதுக்குவது பெரிய அநீதி. எண்ணிக்கைக் காட்டியை ஒவ்வொரு பிலிமுக்கும் கையால் திருப்பி வைக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் எம்2, 35, 50, 90 சட்டங்களை ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டுமே காட்டுகிறது. 1967-இன் எம்4 பிலிம் ஏற்றுவதை எளிதாக்கியது. பதிலுக்கு 35-உடன் 135-ஐயும் சேர்த்துக் காட்டி நெரிசலாக்கியது. 35-ஐ விரும்புகிறவருக்கு எம்2-இன் தெளிவு வேறெதிலும் இல்லை என்பேன். 50-ஐ விட்டு நகராதவர் எம்3-ஐத் தயங்காமல் வாங்கலாம்.

மாடலைவிட முக்கியமானது கையில் வரும் கேமராவின் நிலை. வ்யூஃபைண்டர் பிரிசத்தை ஒட்டியிருக்கும் பால்சம் பசை பிரிந்துபோவது எம்3-இல் அறியப்பட்ட கோளாறு. கீழே விழுந்த அதிர்ச்சியும் அதற்குக் காரணமாகலாம். பிரிந்தால் ஃபோகஸ் உருவம் மங்கிவிடும், பழுதுநீக்கவும் செலவு பிடிக்கும். ஒரு விநாடி வேகத்தில் ஷட்டர் இழுபடுகிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள். லென்ஸைக் கழற்றி, விளக்கொளியில் ஷட்டர் துணியில் ஊசித்துளை தெரிகிறதா என்றும் பாருங்கள்; வெயிலை நோக்கி மூடியில்லாமல் வைத்த லென்ஸ் அந்தத் துணியைப் பொசுக்கியிருக்கலாம். வெளியே பளபளக்கும் எம்3-இல் இந்தக் குறைகள் இருந்து, கீறல் விழுந்த எம்2-இல் இல்லையென்றால், நான் எம்2-ஐத்தான் எடுப்பேன்.