சுண்டெலி பிழைத்தது, நோயாளி?

"உராய்வற்ற சாய்தளம் ஒன்றைக் கருதுக" என்று தொடங்கும் கணக்குகளை நீங்கள் பள்ளியில் போட்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட தளம் உலகில் எங்கும் இல்லை. ஆயினும் கணக்கு பயனுள்ளதே. விடையை உண்மையான வண்டிக்குப் பொருத்தும்போது உராய்வையும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். புற்றுநோய் ஆய்வில் சுண்டெலியும் ஒரு சாய்தளமே. அங்கே உராய்வைச் சேர்க்கிறார்களா?

இரைப்பைப் புற்றுநோய் ஆய்வில் பெரிதும் பயன்படுவது 'என்-87' என்னும் உயிரணு வகை. ஈரலுக்குப் பரவிய இரைப்பைப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்து ஆய்வுக்கூடத்தில் பெருக்கப்பட்டது இது. இவ்வுயிரணுக்களின் மேற்பரப்பில் 'ஹெர்-2' என்னும் புரதம் மிகுதியாக இருக்கிறது. எதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலியின் தோலுக்கடியில் இவற்றைச் செலுத்தினால் கட்டி வளர்கிறது.

ஹெர்-2 புரதத்தைக் குறிவைக்கும் 'டிராஸ்டுசுமாப்' என்னும் எதிர்ப்பொருளை வழக்கமான மருந்துகளோடு சேர்த்தபோது, நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்ந்ததென 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதே எதிர்ப்பொருளோடு உயிரணுக்கொல்லி நஞ்சொன்றை இணைத்தால்? 'டி-டிஎம்1' என்ற அம்மருந்து சுண்டெலிகளில் என்-87 கட்டிகளைச் சிறப்பாக ஒடுக்கியதென 2011-இல் அறிவித்தார்கள். ஆனால் முதற்கட்ட மருத்துவத்துக்குப் பின்னும் நோய் முற்றியவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2017-இல் வெளியானபோது ஏமாற்றமே மிஞ்சியது. புதிய மருந்து பெற்றோரின் இடைநிலை ஆயுள் 7.9 மாதம், வழக்கமான மருந்து பெற்றோருக்கு 8.6 மாதம்!

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் கூறும் காரணங்களுள் முக்கியமானது இது: என்-87 கட்டியில் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களும் ஒரே அச்சில் வார்த்தவை. மனிதரின் இரைப்பைக் கட்டியிலோ ஹெர்-2 உள்ளவையும் இல்லாதவையும் கலந்து கிடக்கும். டி-டிஎம்1 தான் புகுந்த உயிரணுவை மட்டுமே கொல்லும், அடுத்திருப்பது தப்பிவிடும். கணக்கில் விடுபட்ட உராய்வு இதுதான்.

அப்படியானால் சுண்டெலியைக் குறை சொல்லலாமா? கூடாது. 2016-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் என்-87 உயிரணுக்களோடு ஹெர்-2 இல்லாத வேறு புற்றணுக்களையும் கலந்து சுண்டெலியில் வளர்த்தார்கள். டி-டிஎம்1 அக்கலப்புக் கட்டியில் ஹெர்-2 இல்லாதவற்றை விட்டுவிட்டது. 'டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான்' என்னும் மருந்தின் நஞ்சோ உயிரணுச் சவ்வைக் கடந்து பக்கத்தில் இருந்தவற்றையும் கொன்றது. 2020-இல் வெளியான, ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்த ஆய்வில் இம்மருந்து நோயாளிகளின் இடைநிலை ஆயுளை 8.4-லிருந்து 12.5 மாதமாக உயர்த்தியது. அதே சுண்டெலிதான், கேட்ட கேள்விதான் மாறியது.

இன்று நோயாளியின் கட்டித் துணுக்கிலிருந்தே 'ஆர்கனாய்டு' என்னும் நுண்திசுக்களை வளர்க்கிறார்கள். இவை மனிதக் கட்டியை இன்னும் நெருங்கியவை. ஆயினும் இவற்றிலும் இரத்த ஓட்டமில்லை. பொதுவாக எதிர்ப்பாற்றல் அணுக்களும் இல்லை.

ஆகவே வாசகர்களே, "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். சோதனை எதில் நடந்தது? அந்தக் கட்டி ஒரே வகை உயிரணுக்களால் ஆனதா, கலப்பா? மனிதரில் சோதித்தாயிற்றா? வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அச்செய்தியைப் படிப்பவருக்கு இக்கேள்விகள் வெறும் கல்வி அல்ல. சுண்டெலியின் வெற்றியைத் தம் வீட்டு வெற்றியாக எண்ணி ஏமாறாதிருக்க அவை உதவும்.