பியூஸ் யார் கையில்?

1

“அது கம்பெனிக்காரன் பாடு தோழர். அவன் கம்ப்யூட்டருக்கு அவன் பூட்டுப் போட்டுக்குறான். நமக்கென்ன வந்தது?”

நிறுவனங்களின் கணினி வலைப்பின்னல் பாதுகாப்பு பற்றி எழுதப்போகிறேன் என்றதும் விருத்தாசலம் ஜங்ஷன் பக்கத்து டீக்கடையில் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் முடக்கப்பட்டபோது வரிசையில் நின்று தவித்தவர்கள் கம்பெனிக்காரர்கள் அல்ல. சீட்டு எழுதுவது முதல் பரிசோதனை முடிவு தருவது வரை பல நாட்கள் அங்கே எல்லாம் கையால் நடந்தது. ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, நிலப்பத்திரம், நோய்க்குறிப்பு என நம் வாழ்க்கையின் பெரும்பகுதி ஏதோ ஒரு நிறுவனத்தின் வலைக்குள் கிடக்கிறது. பூட்டு அவனுடையது, உள்ளே பூட்டப்பட்டிருப்பது நம்முடையது. ஆகவே பூட்டின் அரசியலை நாம் பேசித்தான் ஆகவேண்டும்.

கடந்த 15, 20 ஆண்டுகளில் இத்துறையின் சொல்லாடலில் ஒரு முறிவு நிகழ்ந்திருக்கிறது. ‘மதில் கட்டிக் காப்பது’ என்ற பழைய கருத்திலிருந்து ‘ஜீரோ ட்ரஸ்ட்’ என்ற கருத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள். இது முன்னேற்றம்தான் என்பது என் கட்சி. அந்த முன்னேற்றம் பாதிவழியில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதும் என் கட்சி.

2

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து என்பார்கள். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தீர்த்தம். பிராகாரம் பிராகாரமாக உள்ளே போகப் போக, அனுமதிக்கப்பட்டவர்களின் வட்டம் சுருங்குவது கோயிலின் கட்டமைப்பு. கருவறைக்குள் நிற்கும் உரிமை பிறப்போடு வந்தது. ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரும்வரை இந்த மாதிரிக் கோயில்களில் வெளிக்கோபுரத்தையே தாண்ட முடியாதவர்கள் இருந்தார்கள். வெளியே நிறுத்தப்பட்டவன் என்றைக்கும் சந்தேகத்துக்குரியவன். உள்ளே இருப்பவன் கேள்விக்கு அப்பாற்பட்டவன்.

நிறுவன வலைப்பின்னலும் நெடுங்காலம் இந்தத் தர்க்கத்தில்தான் கட்டப்பட்டது. ‘ஃபயர்வால்’ என்ற மதில் வெளியிலிருந்து வருவதைச் சோதிக்கும். ஒருமுறை கடவுச்சொல் சொல்லி உள்ளே வந்துவிட்டால், அப்புறம் கேட்பாரில்லை. கணக்குப் பிரிவின் கணினி ஆவணப் பிரிவோடு பேசலாம், ஆவணப் பிரிவு சர்வரோடு பேசலாம். தேங்காய் மாதிரி: ஓடு கெட்டி, உடைத்துவிட்டால் உள்ளே தடையே கிடையாது.

இந்த மதிலை நம்பாதவர்கள் அத்துறைக்குள்ளேயே இருந்தார்கள். பெருநிறுவனங்களின் பாதுகாப்பு அதிகாரிகள் சிலர் 2004இல் பிரிட்டனில் கூடி அமைத்த குழுவுக்கு, மதில் இடிந்து விழுந்த விவிலிய நகரமான எரிகோவின் பெயரையே வைத்தார்கள். ‘ஜீரோ ட்ரஸ்ட்’ என்ற பெயரை 2010இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் பரப்பினார். 2009இன் கடைசியில் தாக்குதலுக்கு உள்ளான கூகுள், தன் ஊழியர்களுக்கு ‘உள் வலை’ என்ற சலுகையையே படிப்படியாக எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி, 800-207 என்ற எண் கொண்ட ஆவணமாக இதற்கு ஓர் இலக்கணமே எழுதியது. அந்த ஆண்டுதான் கொரோனா எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. சென்னை கம்பெனிக்கு விருத்தாசலத்து மொட்டை மாடியிலிருந்து வேலை செய்கிற பையன் மதிலுக்கு உள்ளேயா, வெளியேயா?

மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பூஜ்ய நம்பிக்கை’ என்று எழுதினால் ஏதோ மனிதர்கள் மேல் அவநம்பிக்கை என்று தொனிக்கும். இத்துறையில் ‘ட்ரஸ்ட்’ என்பது மனதில் இருக்கும் நம்பிக்கை அல்ல. சோதிக்காமல் விடுகிற சலுகை. உள்ளே இருக்கிறான் என்பதற்காக மட்டும் யாருக்கும் சலுகை இல்லை, ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு முறையும் கேள்வி உண்டு, வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே உரிமை. கருத்தின் சாரம் இதுதான். இந்த அளவில் இது பிறப்புரிமைக்கு எதிரான கருத்து. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கருத்து.

3

இங்கிருந்து தூரமில்லாத கும்பகோணத்தில் மதில் எப்படித் தோற்றது என்று பார்ப்போம். 1904இல் கும்பகோணம் வங்கியாகத் தொடங்கியது இன்றைய சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரி 6 மாலை, பன்னாட்டுப் பணமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக வங்கியின் பெயரில் மூன்று போலி ஆணைகள் போயின. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். போன ஆணைகளுக்கு ஒப்புகைச் செய்தி வந்து அச்சாகவேண்டிய பிரிண்டர் வேலை செய்யாமல் ஆக்கப்பட்டிருந்தது. மறுநாள் காலையில் பிரிண்டர் ஓடவில்லை என்றதும் வழக்கமான கோளாறு என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் திருட்டு தெரிந்தது. ஊழியர்களுக்கு இதில் தொடர்பிருப்பதற்குச் சான்றில்லை என்று வங்கியே சொன்னது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் போனபோதும் அங்கே ஒரு பிரிண்டர் இப்படித்தான் ஊமையாக்கப்பட்டிருந்தது.

ஸ்விஃப்டைப் பொறுத்தவரை அவை போலி ஆணைகள் அல்ல. வங்கியின் சொந்த வாயிலிருந்து வந்த சொற்கள். உள்ளிருந்து வந்த சொல் என்பதால் மறுகேள்வி இல்லை.

அதே 2018 பிப்ரவரியில்தான் பஞ்சாப் நேஷனல் வங்கி சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடியை அறிவித்தது. அங்கே வெளியாள் யாரும் மதில் ஏறிக் குதிக்கவில்லை. மும்பைக் கிளையின் ஊழியர்களே வங்கியின் மையக் கணக்கில் ஏற்றாமல் ஸ்விஃப்ட் வழியே உறுதிக் கடிதங்களை அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒன்றில் வெளியிலிருந்து வந்தவன் உள்ளாளின் வேடம் போட்டான். மற்றதில் உள்ளாளுக்கு வேடமே தேவைப்படவில்லை. மதில் இரண்டுக்கும் உதவவில்லை.

4

கும்பகோணத்தில் ஒரு வங்கி தன் மதிலை நம்பியது. கூடங்குளத்தில் ஓர் அரசு நிறுவனம் தன் மதிலை நம்பும்படி மக்களிடம் கேட்டது. இது வேறு விஷயம், இன்னும் கனமான விஷயம்.

2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தின் வலையில் ‘டிட்ராக்’ என்ற உளவு மென்பொருள் நுழைந்திருப்பதாகச் செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்தின் சார்பில் மறுப்பு வந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு தனித்து நிற்பது, இணையத்தோடோ வெளி வலையோடோ தொடர்பில்லாதது, ஆகவே அதன்மேல் தாக்குதல் சாத்தியமே இல்லை என்றது மறுப்பு. மறுநாள் இந்திய அணுமின் கழகம் வேறு அறிக்கை தந்தது: தீநிரல் கண்டறியப்பட்டது உண்மை, செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் தங்களுக்குத் தெரிவித்துவிட்டது, பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு இணைந்த வலையிலிருந்த ஒரு கணினி, முக்கியமான உள் வலை அதிலிருந்து பிரிக்கப்பட்டது.

முதல் அறிக்கையை ஒரு பிரதியாகப் படித்துப் பாருங்கள். தாக்குதல் நடந்ததா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. மதில் இருக்கிறது என்கிறது. மதில் இருப்பதால் நடந்திருக்க முடியாது என்கிறது. கட்டுப்பாட்டு அமைப்பு பற்றி அது சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இணையத்தோடு தொடர்பில்லாத ஈரானின் நடான்ஸ் நிலையத்துக்குள் ஸ்டக்ஸ்நெட் புகுந்த கதை 2010இலேயே உலகுக்குத் தெரிந்துவிட்டது. தனித்து நிற்பது ஒரு பாதுகாப்பு. தனித்து நிற்பதாலேயே கேள்வி கேட்காதே என்பது மதவாதம்.

இடிந்தகரையில் 2011 முதல் பந்தலில் உட்கார்ந்திருந்த மீனவப் பெண்கள் கேட்டதும் இதுதான். “நம்புங்கள் என்று சொல்லாதீர்கள், காட்டுங்கள்.” ஜீரோ ட்ரஸ்டின் கோட்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவர்கள் மேல் தேசத்துரோக வழக்குகள் வந்தன. நிபுணர்கள் சொன்னால் அது கட்டமைப்புக் கொள்கை. கடற்கரைப் பெண்கள் சொன்னால் துரோகம்.

5

இனி என்.ஐ.எஸ்.டி ஆவணத்துக்கு வருவோம். அதன் கட்டுமானம் எளிமையானது. வேண்டுகிறவன் ஒரு பக்கம், வேண்டப்படும் தகவல் மறுபக்கம், நடுவே முடிவெடுக்கும் ஓர் இயந்திரம். யார், எந்தக் கருவியில், எந்த நேரத்தில் என்றெல்லாம் பார்த்து, ஒவ்வொரு முறையும் அது ஆம் அல்லது இல்லை என்கிறது. ஏழு அடிப்படை விதிகளில் கடைசி விதி, இதற்காக இயன்ற அளவு தகவலைத் திரட்டச் சொல்கிறது. சந்தேகம் வாழத் தீனி வேண்டும். தீனி என்பது நம்மைப் பற்றிய பதிவுகள்.

1990இல் கட்டுப்பாட்டுச் சமூகங்கள் பற்றி எழுதிய சிறு கட்டுரையில் டெல்யூஸ், குவாத்தாரியின் கற்பனை ஒன்றைச் சொல்கிறார். ஒரு நகரம். ஆளுக்கொரு மின் அட்டை. வீடு, தெரு, பேட்டை எல்லாம் அட்டை காட்டினால் திறக்கும். ஆனால் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நேரத்தில் அதே அட்டை மறுக்கப்படலாம். முக்கியம் தடுப்புக்கட்டை அல்ல, ஒவ்வொருவரும் எங்கிருக்கிறார்கள் என்று கணக்கு வைக்கும் கணினிதான் என்பது அவர் வாதம். ஃபூக்கோவின் சிறைக்கூடத்துக்கு மதில் வேண்டும். இதற்கு மதிலே தேவையில்லை.

நம் ஊரில் இதற்கு யாரும் ஜீரோ ட்ரஸ்ட் என்று பெயர் வைக்கவில்லை. தர்க்கம் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. 2020 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கைரேகை கேட்கப்படுகிறது. மண்ணிலும் சிமெண்டிலும் ரேகை தேய்ந்த விரல் மறுபடி மறுபடி வைத்துப் பார்க்கப்படுகிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் தினம் இரண்டுமுறை படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் மண் வெட்டியவர்களின் வருகை பதிவாகாமல் போனது.

நான் சொல்லும் பாதிவழி இதுதான். சோதனை கீழ்நோக்கியே பாய்கிறது. குமாஸ்தாவையும் ஒப்பந்தத் தொழிலாளியையும் ஒவ்வொரு கதவிலும் நிறுத்துகிற நிறுவனம், தான் சொல்வதை மட்டும் அப்படியே நம்பச் சொல்கிறது. ஆவணம் அறியாததல்ல இது. அது அடுக்கும் ஆபத்துகளில் முதலாவதே, முடிவெடுக்கும் இயந்திரத்தை நிர்வகிப்பவர் அதைத் திரித்துவிடக்கூடும் என்பதுதான். மாற்றங்களைப் பதிவுசெய்து தணிக்கை செய்யவேண்டும் என்கிறது. யார் தணிக்கை செய்வது? அதே நிறுவனம்.

இந்தியாவில் செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்கு அறிவிக்கவேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும். நல்லது. 2023 நவம்பரில் அதே செர்ட்-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எல்லா நிறுவனமும் அதனிடம் சொல்லவேண்டும். அது பொதுமக்களிடம் சொல்லவேண்டியதில்லை. இதுதான் புதிய கருவறை.

6

விருத்தாசலத்தைப் பீங்கான் ஊர் என்பார்கள். வெளியூர்க்காரர்கள் பொம்மைகளைத்தான் வாங்கிப் போவார்கள். தொழிற்பேட்டைச் சூளைகளில் பொம்மையோடு சேர்ந்து வெந்து வந்த இன்னொரு பொருள் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியர். அழகில்லாத பொருள். ஆனால் சிந்தனை உள்ள பொருள். கோளாறு வராது என்று அது சொல்வதில்லை. வரும் என்று ஒப்புக்கொண்டு, வந்தால் இந்த மெல்லிய கம்பியோடு போகட்டும், வீடு எரிய வேண்டாம் என்கிறது. சமையலறை பியூஸ் போனால் கூடத்து விளக்கு எரியும். ஊடுருவல் நிச்சயம் வரும் என்று வைத்துக்கொள், வலையைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரி என்று இன்றைய நிபுணர்கள் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் பியூஸுக்கு இன்னொரு முகம் உண்டு. “பில்லு கட்டலைன்னு பியூஸைப் புடுங்கிட்டுப் போயிட்டான்” என்பதும் இதே பீங்கான் கட்டையைப் பற்றித்தான். காப்பதும் அதுதான், தண்டிப்பதும் அதுதான். யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

நம் இயக்கங்களும் தம் மதில்களை யோசிக்கவேண்டும். பீமா கோரேகான் வழக்கில் ரோனா வில்சனின் கணினியை, எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்பேரில் ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல், ஆவணங்கள் வெளியிலிருந்து திணிக்கப்பட்டவை என்று சொன்னது 2021 பிப்ரவரியில் வெளியானது. தொடக்கம் 2016இல், வரவர ராவின் முகவரியிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சல். தோழர் அனுப்பியது என்பதால் திறக்கப்பட்டது. ‘நம்ம ஆளு’ என்பதும் ஒரு பிராகாரம்தான். தெரிந்த பெயரில் இணைப்பு வந்தால் போன் போட்டு ஒரு வார்த்தை கேட்பது அவநம்பிக்கை அல்ல. தோழமைதான்.

போகட்டும், என்ன கேட்கலாம்? நம்மைப் பதிவுசெய்கிற இடத்தில் நிர்வாகியின் கையசைவும் பதிவாகவேண்டும். அந்தப் பதிவை வெளியார் தணிக்கை செய்யவேண்டும். இயந்திரம் மறுத்தால், காரணம் சொல்லிக் கதவைத் திறக்க அதிகாரமுள்ள ஒரு மனிதர் அங்கே இருக்கவேண்டும். உடைப்பு நேர்ந்தால் முதலில் சொல்லப்படவேண்டியவர், யாருடைய தகவல் போனதோ அவர்.

டீக்கடை நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்ப யாரையுமே நம்பக்கூடாதுங்கறீங்களா?” என்றார். இல்லை. நம்மை நம்பாதவர்கள் தங்களை மட்டும் நம்பச் சொல்லக்கூடாது என்கிறேன். இதில் மாற்றுக் கருத்து இருப்பவர்கள் எழுதலாம்.