எண்களுக்குள் ஒரு கிதார்

கிதாரில் முதல் தந்தியைத் திறந்தபடி மீட்டினால் வரும் ஸ்வரம், இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும் மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும் இருக்கிறது. சுருதி ஒன்றுதான், நாதம் வேறு. மேற்கத்திய ஸ்வரக் குறிப்பு பெரும்பாலும் சுருதியோடு நின்றுவிடும். விரல் எந்தத் தந்தியில், எங்கே என்பதைச் சொல்வது டாப் என்ற குறிப்பு முறை. 1507இல் வெனிஸில் பெட்ரூச்சி அச்சிட்ட லூட் புத்தகங்களிலேயே இந்த முறை இருக்கிறது.

1997இல் பிரான்ஸில் பிறந்த கிதார் ப்ரோ என்ற மென்பொருள், தந்திக்கு ஒன்றாக வரையும் டாபின் ஆறு கோடுகளைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்து வாசித்தும் காட்டியது. வாசித்தது மிடி என்ற கணினி இசைமுறை. எந்த ஸ்வரம், எப்போது, 127க்குள் எவ்வளவு அழுத்தம் என்பதே மிடிக்குத் தேவை. தந்தி எதுவென்று அதற்குக் கவலையில்லை. ஒரு தந்தியை வீணைபோல இழுத்து ஸ்வரத்தை வளைக்கும்போது இன்னொரு தந்தி அசையாமல் ஒலிக்க வேண்டுமா? மிடியின் வளைவு சேனல் முழுவதையும் சேர்த்து வளைத்துவிடும். அதற்காகவே இந்த மென்பொருள் ஒவ்வொரு ட்ராக்குக்கும் இரண்டு சேனல்கள் ஒதுக்கியது. ஒன்று சாதாரண ஸ்வரங்களுக்கு, மற்றது வளைவு போன்ற நுணுக்கங்களுக்கு. கிதாரை நன்றாக அறிந்தவர்களுக்கே தோன்றும் யுக்தி அது.

2005இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னும் துணிந்தது. ஆர்.எஸ்.இ. என்ற ஒலித்தொகுப்பில் நிஜக் கருவிகளைப் பதிவு செய்த ஒலிகளே பேசின. வித்தியாசம் பாம் மியூட்டில் பளிச்சென்று தெரியும். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் அருகே தந்திகள்மேல் வைத்து மீட்டும்போது எழும் அந்த அடக்கமான ‘டுக்’, மிடியில் வெறும் குட்டை ஸ்வரமாகவே கேட்கும். ஆர்.எஸ்.இ.யில் உள்ளங்கையின் கனமே காதில் விழுந்தது.

குறைகளும் உண்டு. அன்றைய கணினிகளை அது திணறடித்தது. நீண்டு வளையும் டிஸ்டார்ஷன் ஸ்வரங்களில் இயந்திர வாடை போகவில்லை. பேஸும் டிரம்ஸும்தான் அதன் உண்மையான வெற்றி.

2010இல் ஆறாம் பதிப்பு ஒலிகளை மேலும் பெருக்கியது. ஆனாலும் ஐந்தாம் பதிப்பு தந்த சுகம் தனி. கோப்பில் இருப்பது எண்களும் குறிகளும் மட்டுமே; ஒலி வெளியே இருந்து வருகிறது. அதனால் நான்காம் பதிப்பில் யாரோ பொறுமையாகத் தட்டிவைத்த பழைய பாட்டையும் ஐந்தில் திறந்து, ட்ராக்கை ஆர்.எஸ்.இ.க்கு மாற்றிக் கேட்க முடிந்தது. அவர் அன்று குறித்துவைத்த பாம் மியூட் ஒவ்வொன்றும் அப்போதுதான் முதன்முறையாகச் சரியாக ஒலித்தது.