பீடம் வேண்டாம், இடம் வேண்டும்: கனிமொழியின் நாடாளுமன்ற உரையை வகுப்பறையில் வாசித்தபோது

அண்மையில் என் படிவம் ஐந்து மாணவர்களை ஒரு விவாதக் கட்டுரை எழுதச் சொன்னேன். தலைப்பு, ‘நாடாளுமன்றத்தில் பெண்களுக்கு இடஒதுக்கீடு தேவை’. ரெங்கத்தில் எங்களுடையது சின்ன வகுப்பு. பதினான்கு பேர்தான். அதில் பதினொரு பேரின் கட்டுரை ‘பெண்கள் நாட்டின் கண்கள்’ என்று தொடங்கியது. அடுத்த பத்தியில் தாய்மை, அதற்கடுத்துப் பொறுமை, பிறகு தியாகம், கடைசியில் ‘எனவே, இடஒதுக்கீடு தேவை’. மொழிப்பிழை அதிகம் இல்லை. ஆனால் அந்த ‘எனவே’ எங்கிருந்து வந்தது என்றுதான் புரியவில்லை.

கடைசி வரிசைப் பையன் ஒருவன் அதையே வேறு மாதிரி கேட்டான். “டீச்சர், அம்மா அவ்வளவு பொறுமைசாலின்னா வீட்டிலேயே நிம்மதியா இருக்கட்டுமே. எதுக்கு அந்தச் சண்டைக்குள்ள போகணும்?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புகழ்ச்சியில் தொடங்கும் வாதம் கடைசியில் அவன் சொன்ன இடத்தில்தான் போய் நிற்கும்.

ஆகவே, அடுத்த வாரம் பாடநூலை மூடி வைத்துவிட்டு ஓர் உரையை எடுத்துக்கொண்டேன். தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி, 20 செப்டம்பர் 2023 அன்று இந்திய மக்களவையில் ஆங்கிலத்தில் ஆற்றிய உரை அது. அதன் கருத்துகளைத் தமிழில் சொல்லி, பலம் எது, பலவீனம் எது என்று மாணவர்களோடு சேர்ந்து பார்த்தேன். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

முதலில் பின்னணி. மக்களவையிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் மசோதா முதன்முதலில் 1996-இல் வந்தது. பலமுறை வந்து பலமுறை காலாவதியானது. 2010-இல் மாநிலங்களவை அதை நிறைவேற்றியும் மக்களவையில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. 2023 செப்டம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் முதல் மசோதாவாக மீண்டும் வந்து, 454-க்கு 2 என்ற வாக்குகளில் மக்களவையில் நிறைவேறியது. தி.மு.க.வும் ஆதரித்தே வாக்களித்தது. ஆதரிக்கும் ஒரு மசோதாவைக் கனிமொழி ஏன் குறைகூறினார்? உரையைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அவருடைய முதல் வாதம் மசோதாவின் பெயரைப் பற்றியது. ‘நாரி சக்தி வந்தன் அதினியம்’ என்பது அதன் இந்திப் பெயர். ‘வந்தன்’ என்றால் வணக்கம். எங்களுக்கு வணக்கம் செலுத்துவதை நிறுத்துங்கள், பீடத்தில் ஏற்றி வழிபடவும் வேண்டாம், தாய், சகோதரி, மனைவி என்று அழைக்கவும் வேண்டாம், சமமானவர்களாக மதியுங்கள், அது போதும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். இதைச் சொன்னதும் வகுப்பில் பதினொரு பேர் தங்கள் கட்டுரையைப் பார்த்துக்கொண்டார்கள். பீடத்தில் இருப்பவருக்குப் பூ போடலாம், கற்பூரம் காட்டலாம். அவரிடம் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி யாரும் கருத்துக் கேட்பதில்லை. வழிபாடு ஒருவரை முடிவெடுக்கும் இடத்திலிருந்து மரியாதையாக விலக்கி வைத்துவிடும். பெரியாரின் வழியில் வரும் இந்தக் கருத்தை அவர் பெரியாரின் பெயரைச் சொல்லியே பேசினார்.

இரண்டாவது வாதம் காலத்தைப் பற்றியது. இந்தச் சட்டம் உடனே நடைமுறைக்கு வராது. சட்டம் வந்த பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகி, அதன்படி தொகுதி மறுவரையறை முடிந்த பிறகே இடஒதுக்கீடு வரும் என்பது நிபந்தனை. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பே அப்போது தொடங்கியிருக்கவில்லை. இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது, இந்த நிபந்தனையை நீக்குங்கள் என்று அவர் கேட்டார். உரையின் உறுதியான பகுதி இதுதான் என்பேன். பெண்ணின் பெருமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி, ‘எப்போது?’ என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்குப் பாராட்டைப் பதிலாகத் தர முடியாது, தேதியைத்தான் தர வேண்டும்.

மூன்றாவதாக, இது சலுகை அல்ல, பாகுபாட்டையும் அநீதியையும் நீக்கும் செயல் என்றார். தேர்வு எழுதும் மாணவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சலுகை என்றால் கொடுப்பவர் பெரியவர், வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டும். அநீதியைத் திருத்துவது என்றால் யாரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை.

இனி, எனக்கு உடன்பாடு இல்லாத இடங்கள். பேச்சின் நடுவே ஜெயலலிதாவைப் பற்றிய பேச்சு வந்தபோது, அவர் வலிமையான தலைவர் என்று சொல்லத் தயக்கமில்லை என்றார். எதிரணித் தலைவரை அப்படிச் சொன்னது பெருந்தன்மைதான். ஆனால் வாதத்துக்கு அது உதவுகிறதா? ‘பார்த்தீர்களா, திறமை இருந்தால் இடஒதுக்கீடு இல்லாமலே முதலமைச்சர் ஆகலாம்’ என்று எதிர்த்தரப்பு அதையே தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளும். ஒரு விதிவிலக்கு, விதியை மறைத்துவிடும். நம் மாணவர்கள் சாதனைப் பெண்களின் பட்டியல் போடும்போதும் இதே ஆபத்து இருக்கிறது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. நாடாளுமன்றத்தின் வாசலுக்கு முன்னால் கட்சி அலுவலகத்தின் வாசல் இருக்கிறது. 2021 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அறிவித்த 173 வேட்பாளர்களில் பெண்கள் 12 பேர்தான். இந்த உரைக்குப் பிறகு வந்த 2024 மக்களவைத் தேர்தலில், அக்கட்சி போட்டியிட்ட 21 தொகுதிகளில் பெண்கள் 3 பேர். இதற்குத் தொகுதி மறுவரையறை எதுவும் தேவையில்லை. கட்சித் தலைமை நினைத்தால் ஒரே கையெழுத்தில் மாற்றிவிடலாம். ‘எப்போது?’ என்ற அதே கேள்வியைக் கனிமொழி தன் கட்சியை நோக்கியும் அந்த அவையிலேயே கேட்டிருந்தால் உரை இன்னும் கனமாக இருந்திருக்கும். அதே சமயம், வேட்பாளர் பட்டியலில் இடம் கொடுத்தால் மட்டும் போதாது என்பதையும் பார்க்க வேண்டும். 2021-இல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளில் பாதியைப் பெண்களுக்குக் கொடுத்தது. அக்கட்சியில் ஆணோ பெண்ணோ ஒருவரும் வெற்றி பெறவில்லை. வெல்லக்கூடிய தொகுதியைக் கொடுப்பதுதான் உண்மையான பங்கு. அந்தத் தேர்தலில் சட்டமன்றத்துக்குள் போன பெண்கள் 234-இல் 12 பேர்.

“இதெல்லாம் இந்தியாக் கதைதானே டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 2024-இல் இந்திய மக்களவைக்குத் தேர்வான பெண்கள் 543-இல் 74 பேர். 2022 பொதுத்தேர்தலில் நம் மக்களவைக்குத் தேர்வானவர்கள் 222-இல் 30 பேர். இரண்டுமே நூற்றுக்குப் பதினான்கைக்கூடத் தொடவில்லை. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 8-ஆவது பிரிவில், பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்பது 2001-இலேயே சேர்க்கப்பட்டுவிட்டது.

பிறகு அவர்களுக்கு இன்னொரு சம்பவத்தைச் சொன்னேன். ஜூலை 2020-இல் நம் நாடாளுமன்றத்தில், அன்றைய பத்து கவான் உறுப்பினர் கஸ்தூரி பட்டு, அவையின் தேர்வுக் குழுவில் பெண்களுக்குப் போதிய இடம் இல்லையே என்று கேள்வி எழுப்பினார். குறுக்கிட்ட ஓர் ஆண் உறுப்பினர், அவருடைய தோலின் நிறத்தைக் கேலி செய்து, பவுடர் பூசிக்கொள்ளச் சொன்னார். பெரிய கண்டனம் எழுந்தது.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டில்லியில் வணக்கம் சொன்னார்கள், கோலாலம்பூரில் கேலி செய்தார்கள். ஒன்று இனிப்பு, மற்றது கசப்பு. ஆனால் இரண்டு இடத்திலும் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. ‘எப்போது?’ என்றவருக்குத் தேதி கிடைக்கவில்லை. ‘குழுவில் பெண்கள் எங்கே?’ என்றவருக்குப் பெயர்கள் கிடைக்கவில்லை. பேசியவர் பெண் என்பதைப் பேசிவிட்டு, அவர் பேசியதை விட்டுவிட்டார்கள். இந்த உரையை மாணவர்களுக்குச் சொல்லித் தர இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. இந்தத் தலைப்பு வந்தால் மூன்று கேள்விகளை வைத்து எழுதுங்கள். எத்தனை பேர்? எப்போது? யார் கையில் முடிவு? ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று கொடுங்கள். எதிர்த்தரப்பின் வலுவான கருத்து ஒன்றையும் மறைக்காமல் எடுத்து எழுதி, அதற்குப் பதில் சொல்லுங்கள். தாய்மையைப் பற்றி எழுத ஆசையா? அன்னையர் தினக் கட்டுரையில் தாராளமாக எழுதலாம்.

மறுபடி எழுதச் சொன்னபோது, அந்தக் கடைசி வரிசைப் பையன் மூன்று பத்திதான் எழுதினான். முதல் வரி இப்படி இருந்தது: ‘222 இருக்கைகளில் 30 பேர் பெண்கள் என்றால், மீதி 192 இருக்கைகளுக்கு யார் விளக்கம் சொல்ல வேண்டும்?’ இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. திருத்திவிட்டு, முழுமதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டேன்.