ஆசிரியனின் மரணமும் ஒரு சீமாறும்

'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்ற வாக்கியத்தை எம்.ஏ. படிக்கிற காலத்தில், பழைய சிறுபத்திரிகைகளை பைண்டு செய்து வைத்திருந்த தொகுதிகளில்தான் முதலில் பார்த்தேன். ரோலான் பார்த் 1967இல் எழுதிய கட்டுரை. அமைப்பியல், பின்அமைப்பியல் விவாதங்கள் சூடாக இருந்த நாட்களில் இந்த வாக்கியம் தமிழில் பட்ட பாடு கொஞ்சமில்லை. தமிழில் இதற்கு ஒரு கூடுதல் வசதி (அல்லது விபத்து) உண்டு. பிரதியை எழுதுகிறவரும் ஆசிரியர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவரும் ஆசிரியர். பிரெஞ்சில் கிடையாத சிலேடை. வகுப்புக்கு வராத பேராசிரியரைப் பற்றி விடுதியில் இதைச் சொல்லிச் சிரிப்போம். 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டிவிட்டு, பாடம் இனித் திரையில் என்றானபோது சிரிப்பு நின்றுபோயிற்று. அந்தக் கட்டுரையில் ஆசிரியனின் சாவுக்கு ஓர் ஈடு இருக்கிறது: அவன் சாவில் வாசகன் பிறக்கிறான். சேலம், நாமக்கல் சமவெளியின் ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில், 2021 நவம்பர் 1 அன்று திரும்பத் திறக்கும்வரை, ஆசிரியர் வகுப்பறையில் இல்லாத ஏறத்தாழ 20 மாதங்களில் எந்த வாசகன் பிறந்தான் என்பது என் கேள்வி.

உருவகமாகக் கேட்கவில்லை. ஏசர் ஆய்வின்படி, தமிழகக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2022இல் ஐந்து பேருக்கும் குறைவு. இந்த ஆய்வின் அளவுகோலைப் பற்றிச் சண்டை போடலாம், போட்டிருக்கிறோம். ஆனால் அது எப்படி எடுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் வீட்டுக்கு வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, வாசிக்கச் சொல்லி, காது கொடுத்துக் கேட்கிறார். அந்த இடைக்காலத்தில் பல குழந்தைகளுக்கு நேராக உட்கார்ந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்டவர் அந்தக் கணக்கெடுப்பாளராகத்தான் இருந்திருப்பார்.

இந்தத் திரைகள் எல்லாம் கொரோனாவுக்காக வந்தவை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படியில்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே பாடத்தோடு க்யூஆர் கோடு கட்டங்கள் வந்துவிட்டன. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. நோய் செய்தது, துணைக்கருவியாக ஓரத்தில் நின்றதை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியதுதான். ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பாருங்கள். 'அ'னா கற்கும் குழந்தையின் பக்கத்தில், அந்தக் குழந்தையால் எப்போதும் வாசிக்க முடியாத, அதன் அப்பனாலும் வாசிக்க முடியாத, இன்னொரு எந்திரம் மட்டுமே வாசிக்கக்கூடிய ஓர் எழுத்து. அந்த எந்திரம் வீட்டில் இருக்கிறது என்று பக்கம் நம்புகிறது.

திருச்செங்கோட்டுப் பக்கத்து வீடுகளில் அந்த எந்திரம் எங்கே இருந்தது? என் அக்கா பள்ளிபாளையத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் ஓர் ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கிறாள். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். அவள் வகுப்பில் ஒரு பையனின் வீட்டு போன் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தது. (உலகத்துக்கே போர் போடுகிற ஊர் இது, அப்பன் கிளம்பினால் மாதக்கணக்கில் வரமாட்டான்.) இன்னொரு வீட்டில் போன் உண்டு, ஆனால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தறிப்பட்டறையில், முன்பணம் கழிகிறவரை ஷிப்டு மாறி மாறி. பிள்ளை தறிச் சத்தத்தில்தான் பாடம் கேட்க வேண்டும். சில பிள்ளைகள் கேட்கவும் இல்லை, தார் சுற்றப் போய்விட்டார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பள்ளி மூடியபோது மூடியது பாடம் மட்டுமல்ல, சத்துணவு அடுப்பும். முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில் முட்டை தின்னாத பிள்ளைகளைப் பார்த்தோம். இங்குள்ள தனியார் விடுதிப் பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளி' என்று எழுதுகிற நண்பர்கள் உண்டு. நாமக்கல்லில் பெரும்பாலும் முட்டைக்கோழிதான், பிராய்லர் பல்லடத்துப் பக்கம். ஊரைப் பார்க்காமல் வரும் உவமை அது. அந்தப் பள்ளிகளுக்கு இணையம் கொண்டுவந்தது வேறு கதை. அங்கே திரைக்கு முன்னால் கட்டணமும், பக்கத்தில் ஓர் அம்மாவும் இருந்தார்கள்.

பதிவுப் பாடங்களின் வடிவத்துக்கு வருகிறேன். விமர்சகன் அதைத்தானே பார்க்க வேண்டும். சுத்தமான அரங்கு, எழுத்துத் தமிழ், சிரித்த முகம். நடுவில் ஒரு கேள்வி. ஓரிரு நொடி மௌனம். பிறகு குழந்தை சரியாகச் சொல்லிவிட்டதாகப் பாவித்து ஒரு பாராட்டு. எல்லாப் பதிவுப் பாடங்களும் இப்படி என்று சொல்லமாட்டேன், நல்ல பொம்மலாட்டங்களும் கதைகளும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஓரிரு நொடி மௌனம் என்னைத் தொந்தரவு செய்கிறது. குழந்தை தப்பாகச் சொல்லியிருக்கலாம், சொல்லாமலே இருந்திருக்கலாம், கேள்வியைப் பார்த்துத் திருப்பி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எதுவானாலும் பாராட்டு ஒன்றுதான். பாவ்லோ ஃப்ரேயர் மரபான கல்வியை வங்கிமுறை என்றார். ஆசிரியர் போடுகிறார், மாணவர் வாங்கி வைக்கிறார். அந்த வங்கியிலாவது காசாளருக்கு ஒரு முகம் இருந்தது, நாம் முழித்தால் அவருக்குத் தெரியும்.

விதிவிலக்கு ஒன்று நடந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். அக்காவின் வாட்ஸ்அப் குழுவில் ஒன்பது வீடுகள். வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் எல்லாம் பெரியவர்கள் கையெழுத்தாகவே வந்தது. சலித்துப்போய், படத்தைப் பார்த்து வாயால் சொல்லி அனுப்புங்கள் என்றாள். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அனுப்பிய குரல்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினாள். பின்னால் தறி ஓடுகிறது. படத்தில் துடைப்பம். பிள்ளை "சீமாறு" என்கிறது. பக்கத்தில் அம்மாயி குரல்: "பொஸ்தவத்துல அப்பிடியா போட்டிருக்குது? டீச்சரு என்ன சொல்லுவாங்கொ?" பிள்ளை யோசித்துவிட்டு, "எங்கூட்ல இதுதான், பொஸ்தவத்துல வேற என்னமோ" என்கிறது. பதினைந்து நொடி இருக்கும். வீட்டு மொழிக்கும் பள்ளி மொழிக்கும் இடையில் ஒரு கோடு இருக்கிறது என்பதை ஏழு வயதுப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. இரட்டை வழக்கு என்று இதைத்தான் நாங்கள் எம்.ஏ.வில் ஒரு பருவம் முழுக்கப் படித்தோம். அக்கா பதிலுக்கு அனுப்பியது: "சீமாறும் செரிதான் கண்ணு. துடைப்பம்னும் சொல்லலாம். ரெண்டையும் சொல்லு பாக்கலாம்."

பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது அதை இலக்கியக்காரர்களுக்கான நூலாகவே நாம் வாங்கி வைத்தோம். அது தொடக்கப் பள்ளி ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டிய புத்தகம் என்று எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஆசிரியரைக் குறைத்துவிட்டுக் கற்பிக்கும் ஆசை திரையோடு வந்ததல்ல. அதற்கு ஒரு காலத்தில் நம் ஊர்ப் பெயரே இருந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். அதை எடுத்துக்கொண்டு, மூத்த பிள்ளைகளை இளையவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை ஒத்த ஏற்பாடு. 1797இல் லண்டனில் அதை அச்சிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு அது போயிற்று. குறைந்த செலவில், குறைந்த ஆசிரியரைக் கொண்டு, நிறையப் பிள்ளைகள். ஏழைகளுக்கு என்று வரும்போது மட்டும் கல்வி எப்போதும் ஒரு கருவியின் பெயரோடு வருகிறது. ஆனால் பெல் எடுத்துப்போனதில்கூட ஒன்று இருந்தது. மணலில் எழுதுகிற பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருந்தது.

'ஆசிரியரே வேண்டாம், கணினியை வைத்துவிட்டு விலகுங்கள்' என்ற வாதத்துக்கு நம் காலத்தில் பிரபலமான பெயர் சுகதா மித்ரா. 1999இல் தில்லி கால்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தவர். அவரும் ரிது டாங்வாலும் 2010இல் எழுதிய ஆய்வு ஒரு தமிழ்க் கிராமத்தைப் பற்றியது. காளிகுப்பம், கடற்கரை ஊர். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் இருந்த உயிரித் தொழில்நுட்பப் பாடத்தைத் தாங்களாகவே ஓரளவு கற்றார்கள் என்பது அதில் எல்லோரும் எடுத்துச் சொல்கிற பகுதி. மீதியைச் சொல்வதில்லை. ஓரளவோடு அது நின்றது. பிறகு உள்ளூர்ப் பெண் ஒருவரைப் பிள்ளைகளோடு இருக்கச் சொன்னார்கள். அவருக்குப் பாடம் தெரியாது. பின்னால் நின்று, அட, இது எப்படி, அப்புறம் என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. அதன்பிறகுதான் அவர்கள் தில்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் அளவைத் தொட்டார்கள். மித்ராவே இதைப் பாட்டி முறை என்கிறார். ஆசிரியர் இல்லாக் கல்விக்குச் சான்றாகக் காட்டப்படும் ஆய்வு, ஒரு அம்மாயி இல்லாமல் பாதியில் நின்றுபோயிருக்கிறது.

பள்ளி திறந்தபின் என்ன நடந்தது? செயல்வழிக் கற்றலை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. ரிஷிவேலியிலிருந்து கற்று, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007இல் மாநிலம் முழுக்கப் போன முறை. அட்டைகள், கற்றல் ஏணி, குழந்தை உயரத்துக்குக் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், தரையில் பாயில் உட்கார்ந்த ஆசிரியர். அதில் ஆயிரம் குறை. அட்டை தேடியே பொழுது போகும் என்று அக்கா புலம்புவாள். ஆனாலும் ஆசிரியரின் உடம்பைக் கீழே இறக்கி, அவர் காதைப் பிள்ளையின் வாய்க்கு நேராகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. 2022 ஜூனில் அதன் இடத்துக்கு 'எண்ணும் எழுத்தும்' வந்தது. நோக்கம் நியாயமானது: எட்டு வயதுக்குள் எல்லாரும் எழுதப் படிக்க வேண்டும், 2025க்குள். பாட்டும் கைவினையும் கதையும் அதில் நிறைய உண்டு, பிள்ளைகளுக்குப் பிடித்தும் இருந்தது. அதோடு ஒரு செயலியும் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வளரறி மதிப்பீடு, ஒவ்வொன்றையும் திறன்பேசியில் ஏற்ற வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இந்த ஏற்றுதலை எதிர்த்தன.

பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். அழகான பெயர்கள். ஆனால் தமிழில் பூவுக்கு ஏழு பருவம்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். செயலிக்கு மூன்று போதும். மலர்ந்துகொண்டே இருக்கிற, வாடாத, உதிராத பூ அது. ஒரு மாதம் தார் சுற்றப் போய்விட்டுத் திரும்பி வந்து, படித்ததை மறந்து நிற்கிற பிள்ளைக்கு அதில் பெயர் இல்லை. மறுபடி 'அரும்பு' என்று போட வேண்டும். மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஆசிரியரின் தோல்வியாகத் தெரியும்.

இங்கேதான் திரை திரும்பிக்கொண்டது என்கிறேன். 2020இல் திரை பிள்ளைக்குக் காட்டியது. 2022க்குப் பிறகு திரை பிள்ளையைப் பார்க்கத் தொடங்கியது, பிள்ளை வழியாக ஆசிரியரையும். ஃபூக்கோவை இழுக்க ஆசையாக இருக்கிறது, நம் பத்திரிகைகளில் கண்காணிப்பு என்றாலே அவர் வந்துவிடுவார். அவ்வளவு பெரிய கோபுரம் தேவையில்லை என்று நினைக்கிறேன். இருபது பிள்ளைகளுக்கு ஏற்றுவதற்கு ஆகிற நேரம், இருபது பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க ஆகிற நேரம்தான். இரண்டும் ஒரே பிற்பகலில் இருந்துதான் வர வேண்டும். 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் தந்தார்கள், திறன் வகுப்பறைகளும் வந்தன. நான் அதற்கு எதிரி இல்லை. அக்கா பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டியதே அதில்தான். அந்த வகுப்பில் கடல் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது நம் தோழர்களில் பலர் புதிய கல்விக் கொள்கை கொல்லைப்புறமாக வருகிறது என்று எழுதினார்கள். மாதம் 1,000 ரூபாயில் பெண்களின் உழைப்பைத் தன்னார்வம் என்று அழைத்ததைப் பற்றிய விமர்சனம் இன்றும் சரி. ஆனால் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பதை யாரோ ஒருவர் கேட்டார் என்பதை அந்த விமர்சனங்களில் தேடிப் பார்த்தேன், காணவில்லை. நம் சொல்லாடலுக்கும் காது மந்தம்தான்.

போன வருஷம் ஒரு நாள் அக்கா மதிப்பீட்டுத் தாள் ஒன்றை என் முன்னால் போட்டாள். பொருள்களின் படங்கள், பெயர் சொல்ல வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 'தெரியும்', 'தெரியாது' என்று இரண்டு கட்டம். ஒன்றில் துடைப்பம்.

"சீமாறுன்னு சொன்னா எதுலடா போடறது? நீதான் எம்மே படிச்சவனாச்சே."

'தெரியும்' என்பதில் போடச் சொன்னேன்.

"உனக்கென்ன சொல்லிருவ. பாக்க வர்றவங்க எங்கிட்டத்தான கேப்பாங்க" என்றாள். பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அந்தக் கட்டம் அன்று இரவுவரை காலியாகவே இருந்தது.